பிழையையும் அளந்தவர்

சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு வந்து பயிலும் தமிழர் நம்மிற் பலர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தென்னாட்டை அளந்துகொண்டே இந்நகருக்கு வந்து சேர்ந்தார். அவர் தமிழரல்லர்; வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயர். நான் குடியிருக்கும் நாச்சாரத்தை அடுத்த உப்பலில் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. விமானப் படங்களிலிருந்து வரைபடம் ஆக்கும் கலை அங்கே கற்பிக்கப்படுகிறது. அக்கலையின் உயிரான பண்பு ஒன்றை லாம்ப்டன் வாழ்வில் காண்கிறேன். ஆதலின் இதனை எழுதலானேன்.

யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், படையிற் சேர்ந்து அமெரிக்கா சென்றார்; பின்னர் இந்தியா வந்து 1799-இல் சீரங்கப்பட்டணப் போரில் கலந்துகொண்டார். போர் ஓய்ந்ததும், நாட்டை முக்கோணங்களாக அளக்க இசைவு வேண்டினார். கும்பினியார் நாடியது வரியும் ஆட்சியும். அவர் நாடியதோ பூமியின் உண்மை வடிவம்.

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும். ஆகவே அதனைப் பெட்டிகளிற் கிடத்தி, நிழல் தந்து, வெப்பமானி வைத்துப் பார்த்து, நீட்சிக்கு ஈடு கணக்கிட்டார். இதற்கு 57 நாள் சென்றது!

குன்றில்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின. 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்தது. லாம்ப்டன் எவரையும் பழிக்கவில்லை. கூடாரத்துள் புகுந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, சிறிது சிறிதாக இழுத்து, ஆறு வாரத்தில் வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார்.

1815-இல் பீதர் அருகே மற்றோர் அடிக்கோடு அளந்தார். ஐதராபாத்திலிருந்து நாகபுரி செல்லும் வழியில், 1823 சனவரி 20-இல் இங்கண்காட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். அவருடன் காட்டுக் காய்ச்சலில் மடிந்த கூலியாட்களின் பெயரை எந்த வரைபடமும் சொல்லவில்லை.

1818-இல் அவருக்குத் துணையாக அமர்த்தப்பெற்ற எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். இமயத்தின் ஈர்ப்பு தூக்குநூலைச் சாய்க்கும் என்றஞ்சி, அளவையின் வடமுனையை மலையினின்று விலகிய கலியானாவில் அமைத்தார். அப்போதும், விண்மீன் கணக்குக்கும் நிலக் கணக்குக்கும் ஏறத்தாழ 5 விகலை வேற்றுமை நின்றது. ஒரு பாகையை 3600 கூறிட்டால் ஒரு கூறே விகலை. அத்துணைச் சிறு வேற்றுமையும் ஏட்டில் மறையாது நின்றமையால், மலைகளுக்கு அடியிலும் வேர் உண்டு என்னும் கருத்து 1855-இல் பிறந்தது.

இன்று மலையை விமானத்திலிருந்து படம் பிடிக்கிறோம். அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே விமானம் சற்றே சாயும், திரும்பும். ஒரே பாறையைக் காட்டும் கதிர்கள் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகும். ஐந்தாறு புள்ளிகளில் அவ்விலகலை நீக்கி, இரு படங்களையும் ஒன்றுக்கொன்று இசைக்க வேண்டும். சமவெளியில் இதற்கு ஒரே திருத்த எண் போதும். மலையிலோ ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வோர் உயரம். சமவெளி விதியை அங்கே பின்பற்றினால் பிழை எஞ்சும். உயரத்தையும் கணக்கிற் சேர்த்துத் திருத்தினால்தான் பள்ளத்தாக்கு தன் இடத்தில் நிற்கும். நெளிந்த வட்டத்தைப் பொறுமையாக நிமிர்த்திய அதே வேலைதான் இது!

நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, எண்ணை மாற்றி எழுதும் ஆசை எவருக்கும் எழும். அந்த எண்ணை அப்படியே விட்டு, அது ஏன் வந்தது என்று தேடுவோம். எஞ்சிய பிழைக்குள் ஒரு மலையின் வேர் மறைந்திருக்கவும் கூடும்.