ஓட்டை போட்டுக் கணக்குப் பார்த்தவர்

திருப்பூரில் ஒரு பனியன் உருவாக எத்தனை இடம் சுற்ற வேண்டும் தெரியுமா?

நூல், மில்லில் இருந்து வருகிறது. நிட்டிங் பட்டறையில் துணி ஆகிறது. சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். கடைசியில் பெட்டிகள் லாரி ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகின்றன.

இதில் பல வேலைகள் வெளி ஆட்களிடம் நடக்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மில்லில் ஒரு கணக்கு. சாயப்பட்டறையில் ஒரு கணக்கு. பாங்கியில் ஒரு கணக்கு.

ஓர் ஆர்டரில் லாபமா, நஷ்டமா? அதை அறிய எல்லாக் கணக்கும் ஓர் இடத்தில் சேர வேண்டும். இதற்கு இன்று கம்ப்யூட்டர் சாப்ட்வேர் வந்துவிட்டது. மற்றவர்களின் கணக்கு இருக்கும் டேட்டாபேசுடன் அதை இணைத்துவிட்டால் போதும். கூட்டி, கழித்து, படம் போட்டே காட்டிவிடும்.

ஆனால், இணைப்பதுதான் பெரும்பாடு! ஒரு கணக்கில் “நேவி” என்று இருக்கும். இன்னொரு கணக்கில் “நேவி புளூ” என்று இருக்கும. இரண்டும் ஒரே சாயம்தான். ஆனால் எந்திரம் அதை இரண்டு நிறம் என்று எண்ணிக்கொள்ளும். அதற்கு என்ன தெரியும், பாவம்!

வெளியில் இருக்கும் கணக்கை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது எப்படி? கம்ப்யூட்டர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கேள்வியுடன் போராடினார் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஹெர்மன் ஹாலரித்.

ஜன்னல் வழியே ஓட்டம்

1860-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி, அமெரிக்காவில் உள்ள பபலோ நகரில் ஹாலரித் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர்கள். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாயார் பெண்களுக்கான தொப்பிகள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

சிறுவன் ஹெர்மன் கெட்டிக்காரன். ஆனால் எழுத்துக்கூட்டுவது என்றால் வேப்பங்காய்! அந்தப் பாட வேளை வந்ததும் மாடி ஜன்னல் வழியே குதித்து ஓடிவிட்டான் என்று ஒரு கதை உண்டு. பிறகு வீட்டிலேயே ஒரு பாதிரியாரிடம் பாடம் படித்தான்.

19 வயதில் கொலம்பியா கல்லூரியில் என்ஜினீயர் பட்டம் பெற்றார். 1880-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு இலாகாவில் வேலை கிடைத்தது.

அப்போது அமெரிக்காவின் ஜனத்தொகை 5 கோடி. ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயது என்ன, தொழில் என்ன என்று எல்லாவற்றையும் குமாஸ்தாக்கள் கையால் கோடு போட்டு எண்ணினார்கள். அந்தக் கணக்கு முடிந்து அச்சாக ஏழு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கணக்கு வெளிவரும்போது அன்று பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது!

அந்த இலாகாவில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற டாக்டர் மேல் அதிகாரியாக இருந்தார். ஒரு நாள் இரவு அவர் வீட்டில் ஹாலரித்துக்கு விருந்து. சாப்பிடும்போது, இந்த எண்ணும் வேலைக்கு ஓர் எந்திரம் இருந்தால் நன்றாயிருக்குமே என்று பில்லிங்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார். சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவர் மறக்கவில்லை.

தறியும் டிக்கெட்டும்

நெசவாளர்களுக்கு ஜக்கார்டு பெட்டியைத் தெரியும். பிரெஞ்சுக்காரரான ஜக்கார்டு 1804-ம் ஆண்டு வாக்கில் அமைத்த தறி அது. அட்டையில் ஓட்டை இருந்தால் இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாவிட்டால் எழும்பாது. அப்படியே பூவும் கொடியும் துணியில் வந்துவிடும். ஹாலரித்தின் உறவினர் ஒருவர் பட்டு நெசவுத் தொழிலில் இருந்தார்.

ஒரு முறை ஹாலரித் ரெயிலில் போனபோது இன்னொரு காட்சியைக் கண்டார். அந்தக் காலத்தில் ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போகாமல் இருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். பயணியின் தலைமுடி என்ன நிறம், கண் என்ன நிறம், மூக்கு பெரியதா என்பதைக் கண்டக்டர் டிக்கெட்டின் ஓரத்தில் ஓட்டை போட்டுக் குறித்துவிடுவார்.

ஒரு மனிதனுக்கு ஓர் அட்டை! அவனைப் பற்றிய விவரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டை! ஹாலரித்துக்கு வழி கிடைத்துவிட்டது.

அட்டையை எந்திரத்தில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் ஊசிகள் இறங்கும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி கீழே போய், கிண்ணத்தில் உள்ள பாதரசத்தைத் தொடும். உடனே மின்சாரம் பாயும். கடிகாரம் போன்ற வட்டில் முள் ஓர் எண் நகரும். மணி அடிக்கும்.

1889-ம் ஆண்டு இலாகா ஒரு போட்டி நடத்தியது. 10 ஆயிரத்துச் சொச்சம் பேரின் கணக்கை மூன்று முறைகளில் எண்ணிப் பார்த்தார்கள். அட்டைகள் தயாரான பிறகு ஹாலரித்தின் எந்திரம் ஐந்தரை மணி நேரத்தில் எண்ணி முடித்தது. மற்ற இரண்டும் 44 மணி, 55 மணி எடுத்துக்கொண்டன!

1890-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு அவருக்கே கிடைத்தது. ஆறே வாரத்தில் மொத்தத் தொகை தெரிந்துவிட்டது. 6 கோடியே 26 லட்சம். இன்னும் அதிகமாக எதிர்பார்த்த மக்கள் எந்திரத்தின் மேல் குறை சொன்னார்கள்! குமாஸ்தாக்களும் சளைத்தவர்கள் அல்ல. ஓய்வு வேண்டும் என்றால் கிண்ணத்தில் உள்ள பாதரசத்தை உறிஞ்சி எச்சில் பாத்திரத்தில் விட்டுவிடுவார்களாம்.

அதே ஆண்டு ஹாலரித்துக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி பெயர் லூசியா.

எந்திரம் இருக்கிறது, வேலை இல்லை

பேர் வந்தது. ஆனால் ஜனத்தொகைக் கணக்கு பத்து ஆண்டுக்கு ஒரு முறைதான். நடுவில் எந்திரங்களுக்கு என்ன வேலை? குடும்பம் பெருகியது. கையிருப்பு கரைந்தது.

நியூயார்க் சென்ட்ரல் ரெயில்வேயை அவர் அணுகினார். அந்தக் கம்பெனிக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் சரக்குச் சீட்டுகள் சேரும். எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு, என்ன சரக்கு, என்ன எடை, என்ன கட்டணம் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். ஆனால் அவற்றை ஒன்று சேர்த்துப் பார்க்க முடியவில்லை. திருப்பூர் முதலாளியின் அதே கவலைதான்!

ஜனத்தொகை எந்திரம் ஒன்று, இரண்டு என்று தலைகளை எண்ணியது. ரெயில்வேக்கோ எடையையும் பணத்தையும் கூட்ட வேண்டும். ஹாலரித் கூட்டும் எந்திரம் செய்து கொடுத்தார். ரெயில்வேக்குத் திருப்தி இல்லை. 1895-ல் எந்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் அத்துடன் சோர்ந்திருப்பார். கடனில் இருந்த அந்த மனிதர், குறைகளைத் திருத்தி, பணம் வாங்காமலே வேலையை நடத்திக் காட்ட முன்வந்தார்!

இப்போது எந்திரத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. சீட்டையும் பார்த்தார். ஊர், சரக்கு, எடை, கட்டணம் எல்லாவற்றையும் எண்களாக மாற்றினார். அட்டையைப் பத்தி பத்தியாகப் பிரித்தார். எந்த விவரம் எந்தப் பத்தியில் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. ஒரே ஊரை இரண்டு விதமாக எழுதும் வழக்கத்துக்கு அதில் இடம் இல்லை.

ஒரு முறை ஓட்டை போட்ட அட்டையை ஊர்வாரியாக அடுக்கலாம். சரக்குவாரியாகவும் அடுக்கலாம். கேள்வி மாறினாலும் சீட்டை மறுபடி புரட்ட வேண்டியதில்லை.

1896-ம் ஆண்டு ரெயில்வே ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஹாலரித் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1897-ல் ரஷியா தன் ஜனத்தொகையை எண்ண அவர் எந்திரங்களையே பயன்படுத்தியது. இங்கிலாந்திலும் அவர் எந்திரங்களுக்காகத் தனிக் கம்பெனி ஏற்பட்டது.

பிடிவாதம்

ஹாலரித் எந்திரத்தை விற்கமாட்டார். வாடகைக்கே விடுவார். அட்டையையும் அவரிடமே வாங்க வேண்டும். லாபம் கொழித்தது. ஆனால் அதுவே பகையும் ஆயிற்று.

வாடகை அதிகம் என்று ஜனத்தொகை இலாகா முறையிட்டது. அவர் இறங்கிவரவில்லை. 1905-ல் உறவு முறிந்தது. இலாகா தானே எந்திரம் செய்யத் தொடங்கியது. ஹாலரித் வழக்குப் போட்டுத் தோற்றார். தன்னை வளர்த்த இடத்தையே அவர் எதிரி ஆக்கிக்கொண்டது பெரிய தவறுதான்.

உடல்நலமும் கெட்டது. 1911-ல் கம்பெனியை விற்றார். அவர் பங்குக்குச் சுமார் 12 லட்சம் டாலர் கிடைத்தது. அந்தக் கம்பெனி மற்றக் கம்பெனிகளுடன் சேர்ந்து, 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது.

கடைசிக் காலத்தில் பண்ணையில் மாடு வளர்த்தார். 1929-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி வாஷிங்டனில் மாரடைப்பால் இறந்தார். அப்போது வயது 69.

இங்கிலாந்தில் ஏற்பட்ட கம்பெனி பிற்காலத்தில் கம்ப்யூட்டரும் செய்தது. அதில் ஒன்றைக் கல்கத்தாவில் பேராசிரியர் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிலையம் வாங்கியது. 1956-ல் இயங்கத் தொடங்கிய அதுதான் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர்.

அதன் பெயர் எச்.இ.சி. முதல் எழுத்தான “எச்”, ஹாலரித்தின் பெயர்.