மிருதுளா சாராபாய்

நம் கடியப்பட்டணத்தைப் போன்ற மீனவர் ஊர் தும்பா. அவ்வூர் மக்கள் தங்கள் புனித மரிய மதலேனாள் ஆலயத்தை ராக்கெட் தளத்திற்காக விட்டுக்கொடுத்ததையும், 1963-ஆம் ஆண்டு அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்ததையும் நாம் அறிவோம். அப்பணிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் விக்கிரம் சாராபாயின் தமக்கையே மிருதுளா.

அவர் 1911-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் ஆலை அதிபர் அம்பாலாலின் மூத்த மகளாகப் பிறந்தார். காந்தியடிகளின் அறப்போரில் சேர்ந்து சிறை சென்றார். பெண்கள் சொந்தக் காலில் நிற்பதற்கென 1934-இல் ஜோதி சங்கத்தைத் தொடங்கினார்.

1947-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாபில் இரத்த ஆறு ஓடியது. ஆயுதம் தாங்கிய கும்பல்கள், எதிர்ச் சமயத்தாரைப் பழிவாங்க அவர்களுடைய பெண்களைக் கடத்திச் சென்றன. இரு நாடுகளிலும் ஏறத்தாழ 75,000 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர் என்று மதிப்பிடுகின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் இரு அரசுகளும் அப்பெண்களை மீட்க உடன்பட்டன. அப்பணியை முன்னின்று நடத்தியவர் மிருதுளா. இந்து, சீக்கியப் பெண்களை மட்டுமன்றி, இங்கே சிக்கியிருந்த முஸ்லிம் பெண்களையும் தேடி மீட்கச் செய்தார். சில ஆண்டுகளில் சுமார் 30,000 பேர் மீட்கப்பட்டனர்.

ஆயினும் துன்பம் அத்துடன் தீரவில்லை. குடும்ப மானம் போயிற்று என்று கூறி, மீண்டு வந்த மகளைச் சில வீட்டார் ஏற்க மறுத்தனர். அவர்களை அன்புடன் ஏற்கும்படி காந்தியடிகளும் நேருவும் மன்றாட வேண்டியிருந்தது. மற்றொரு குறையையும் நாம் மறைத்தல் தகாது. 1949-ஆம் ஆண்டு மீட்புச் சட்டம் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவில்லை. புது வாழ்வு அமைத்துக்கொண்ட சிலர் கதறக் கதற அனுப்பப்பட்டனர். தாயும் சேயும் பிரிந்தனர். 1957-இல் அச்சட்டம் முடிவுற்றது. மிருதுளா 1974-இல் மறைந்தார்.

போர்க்காலப் பாலியல் வன்முறை போர்க்குற்றமாகக் கூடும் என ஐ.நா. பாதுகாப்பு அவை 2008-இல் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் மட்டும் போதுமா, தோழியரே? நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் இவ்வழியே ஏன் வந்தாய் என்று வினவவில்லை; காயத்தைக் கட்டினான். வன்முறையின் வெட்கம் அதைச் செய்தவனுக்கே உரியது. துன்புற்றவளுக்குக் கதவைத் திறப்போம். அவள் விருப்பம் என்னவென்று அவளையே கேட்போம். மிருதுளாவின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்கும் பாடம் இதுவே.