பல்வங்கர் பாலு

பல்வங்கர் பாலு (1876 - சூலை 4, 1955) இந்தியாவின் தொடக்ககாலத் துடுப்பாட்ட வீரர்களுள் ஒருவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரான இவர், 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகளைச் சராசரியாக 15.21 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சாதியில் பிறந்து, இந்தியத் துடுப்பாட்டத்தில் பெரும்புகழ் பெற்ற முதல் வீரராக இவர் அறியப்படுகிறார். ஆயினும் தாம் ஆடிய இந்துக்கள் அணிக்கு இவர் ஒருபோதும் தலைவராக நியமிக்கப்படவில்லை.

இளமை

பாலு தார்வாடில் பிறந்தார். பிறந்த ஆண்டை 1875 எனக் குறிப்பவர்களும் உண்டு. தோல் தொழிலோடு தொடர்புடைய சமார் சாதியைச் சேர்ந்தது இவர் குடும்பம். தந்தை இராணுவத்தில் பணிபுரிந்ததால் குடும்பம் பூனாவில் (இன்றைய புனே) குடியேறியது. பாலு முதலில் பார்சிகளின் துடுப்பாட்டச் சங்கமொன்றில் மாதம் 3 ரூபாய் ஊதியத்துக்கு ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலையில் சேர்ந்தார். 1892 அளவில் ஐரோப்பியருக்கு உரிய பூனா சங்கத்துக்கு மாறினார். அங்கு ஊதியம் 4 ரூபாய். வலை கட்டுவதும் கோடு போடுவதும் அவருடைய வேலைகள்.

அச்சங்கத்தின் சிறந்த மட்டையாளரான ஜே. ஜி. கிரெய்க், வலைப்பயிற்சியில் தமக்குப் பந்து வீசுமாறு பாலுவைக் கேட்டுக்கொண்டார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பல ஆண்டுகளில் பாலு ஆயிரக்கணக்கான பந்துகளை வீசினார். ஆனால் மட்டையைக் கையிலெடுக்க அவருக்கு அங்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. மட்டை வீச்சு கனவான்களுக்கு, பந்து வீச்சு வேலையாட்களுக்கு என்னும் பாகுபாடு அன்றைய இங்கிலாந்திலிருந்து வந்தது. இந்தியாவில் அது சாதியோடு எளிதில் பொருந்திக்கொண்டது.

பூனா இந்துக்கள் அணியில்

பாலுவின் திறமை நகர் முழுதும் தெரிந்தபோது, ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனாவின் இந்துக்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. அவரைச் சேர்த்துக்கொள்ளத் தெலுங்கு உறுப்பினர் சிலர் விரும்பினர், பிராமண உறுப்பினர் பலர் தயங்கினர். இறுதியில் வெற்றி மீதான ஆசையே தயக்கத்தை வென்றது. ஆனால் மாற்றம் ஆடுகளத்தின் எல்லைக் கோட்டோடு நின்றது. பாலு தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு மட்டும் கூடத்துக்கு வெளியே, குடித்தபின் எறியப்படும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ நீர் ஊற்றவும் அவர் சாதியைப் போன்ற சாதியினர் ஒருவரே அமர்த்தப்பட்டார்.

சாத்தாராவில் ஐரோப்பியருடன் நடந்த ஆட்டம் ஒரு திருப்பமாக அமைந்தது. பாலுவின் சுழல் எடுபடாதிருக்க ஆடுகளத்தை ஒரு வாரம் உருட்டி இறுக்கினர் எனக் கூறப்படுகிறது. அவ்வாட்டத்தில் பாலு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார், பூனா அணி வென்றது. பின்னர் நடந்த பாராட்டு விழாவில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, உடன் விளையாடுபவருடன் உண்பதற்கு மறுப்பது முறையன்று எனச் சக வீரர்களைக் கண்டித்தார்.

பம்பாயும் இங்கிலாந்தும்

1896இல் பரவிய கொள்ளைநோயை ஒட்டிப் பாலு பம்பாய் சென்றார். அங்கும் இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்து அடங்கியது. 1906 பெப்ரவரியில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது பாலு 8 விக்கெட்டுகளை எடுத்தார். அவருடைய தம்பி சிவராமும் அவ்வாட்டத்தில் ஆடினார்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி, ஆடியவற்றுள் பெரும்பாலானவற்றில் தோற்றது. பாலு மட்டும் அப்பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். நாடு திரும்பிய அவருக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும் வரவேற்பு அளித்தனர்.

அணித்தலைமைச் சிக்கல்

1910க்குப் பின் பாலுவே அணியின் மூத்த வீரர். 1913இல் தலைவராக நியமிக்கப்பட்ட எம். டி. பை, பிராமணராயினும், அப்பதவி பாலுவுக்கே உரியது என வெளிப்படையாகக் கூறினார். தேர்வாளர்கள் அசையவில்லை. தலைவர் என்பவர் பிறருக்கு ஆணையிடுபவர், விருந்தில் முதலிருக்கையில் அமர்பவர். ஒருவருடைய பந்து வீச்சைப் பயன்படுத்திக்கொள்வதைவிட அவருடைய ஆணைக்கு உட்படுவது கடினமாக இருந்தது. இது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஒரு தொடர் முழுவதும் கறுப்பினத்தவர் ஒருவர், பிராங்க் வொரல், தலைமை தாங்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1920 நாற்கோணப் போட்டியில் பை உடல்நலக் குறைவால் விலகவே, இளையவரான தி. பா. தியோதர் தலைவராக்கப்பட்டார். பாலு அணியிலேயே இல்லை. இதனை எதிர்த்துத் தம்பியர் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி, காரணத்தைப் பத்திரிகைகளில் அறிக்கையாக வெளியிட்டனர். காந்தி தீண்டாமைக்கு எதிராகப் பேசிவந்த காலமாதலால் இச்செய்தி பரவலான ஆதரவைப் பெற்றது. அடுத்த ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்பினர், பாலு துணைத்தலைவரானார். பை ஆட்டத்தின் நடுவே களத்தை விட்டு வெளியேறி, சிறிது நேரம் பாலு அணியை நடத்த வழிசெய்தார். அதுவே அவர் பெற்ற தலைமை.

1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவராக்கப்பட்டார். அவ்வாண்டு அணி கோப்பையையும் வென்றது.

அரசியல்

1932இல் சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவுடன் இணைந்து பாலு தனித்தொகுதி முறையை எதிர்த்தார். பூனா ஒப்பந்தத்துக்கு முந்தைய பேச்சுகளிலும் பங்கேற்றார். 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒடுக்கப்பட்டோரின் பெருமையாகத் திகழ்ந்த இருவரை ஒருவரோடொருவர் மோதவிட்டது அத்தேர்தல்.

மறைவு

இந்தியா முதன்முதலில் டெஸ்ட் ஆட்டம் ஆடிய 1932இல் பாலுவின் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அவர் 1955 சூலை 4 அன்று பம்பாயில் காலமானார். 2001இல் வெளிவந்த லகான் திரைப்படத்தின் கச்ரா என்னும் பாத்திரத்துக்கு இவரே முன்மாதிரி எனப் பலர் கருதுகின்றனர். வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002இல் வெளியிட்ட நூல் இவரைப் பரவலாக மீண்டும் அறிமுகப்படுத்தியது.