ஸர் ஆர்தர் கானன் டாயில்

அச்சத்தையே சுவையாகத் தரும் நூல்கள் சில உண்டு. வெளியே காற்றும் மழையும் மோத, உள்ளே விளக்கடியில் அமர்ந்து, திகில் மிகுந்த துப்பறியும் நாவலொன்றைப் படிக்கும் இன்பத்தை நம்மிற் பலர் அநுபவித்திருப்போம். நெஞ்சம் படபடக்கின்றது, எனினும் நூலைக் கீழே வைக்க மனம் இசைவதில்லை. இருள் எத்துணைச் செறிந்ததாயினும் இறுதியில் அறிவொளி அதனைப் பிளந்துவிடும் என்னும் நம்பிக்கையே அவ்வச்சத்தை இன்பமாக்குகின்றது. இத்தகைய நூல்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கது ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ என்னும் ஆங்கில நாவலாகும். அதனை இயற்றிய ஸர் ஆர்தர் கானன் டாயிலின் வாழ்க்கையோ அந்நாவலினும் வியப்புடையது. மூடுபனியினூடே உண்மையைத் தேடும் நெறியை உலகிற்குக் காட்டிய அவரே, தம் பிற்காலத்தில் வேறொரு மூடுபனியுட் புகுந்தார்.

டாயில் 1859-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் சித்திரந் தீட்டுவதில் வல்லவர். ஆயினும் மதுப்பழக்கத்திற்கு அடிமையாகி, இறுதிக்காலத்தை மனநோய் விடுதிகளிற் கழித்து, 1893-ம் வருஷத்தில் இறந்தார். வறுமையிடையே குடும்பத்தைத் தாங்கியவர் தாயாரே. வீரக் கதைகளைச் சுவைபடச் சொல்லும் அவ்வம்மையாரிடமிருந்தே டாயில் கதை கூறும் ஆற்றலைப் பெற்றார் என்பர்.

ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் இளமைக் கல்வி முடித்து, 1876-ம் வருஷத்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்திய சாஸ்திரம் பயிலப் புகுந்தார். ஆங்கே ஆசிரியராக விளங்கிய டாக்டர் ஜோஸப் பெல் என்பார், நோயாளி வாய் திறக்குமுன்னரே அவனுடைய தொழிலையும் ஊரையும் கூறிவிடும் திறமை வாய்ந்தவர். ஒருநாள் தம்முன் வந்த ஒருவனை நோக்கி, அவன் சேனையினின்றும் அண்மையில் விலகியவன் என்றும், பார்படோஸ் தீவில் இருந்தவன் என்றும் கூறினார். அவனும் ஆமென்றான். மாணவர் திகைத்தனர். பெல் காரணங்களை விளக்கினார்: வந்தவன் மரியாதை அறிந்தவன், ஆயினும் தொப்பியைக் கழற்றவில்லை. அது சேனையின் வழக்கம். விலகி நெடுநாளாகியிருப்பின் ஊரார் வழக்கத்தைக் கற்றிருப்பான். அவனைப் பற்றிய யானைக்கால் நோயோ மேற்கிந்தியத் தீவுகளுக்குரியது. அவன் தாய்நாடாகிய ஸ்காட்லாந்தில் காணப்படாதது. இவ்வளவே. மந்திரமன்று, கண்ணையும் மதியையும் ஒருங்கே பயன்படுத்தியதன் விளைவு. இவ்வாசிரியரே பிற்காலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறியும் நிபுணராக உருமாறினார்.

படிப்பின் நடுவே, 1880-ம் வருஷத்தில், டாயில் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் வைத்தியராக வடதுருவக் கடலுக்குச் சென்று மீண்டார். பட்டம் பெற்றபின், 1882-ம் வருஷத்தில் தென்கடற்கரையிலுள்ள ஸௌத்ஸீ என்னும் ஊரில் வைத்தியசாலை அமைத்தார். நோயாளிகள் வருவது அரிதாயிருந்தது. காத்திருந்த நேரத்திலே கதைகள் எழுதினார். ஹோம்ஸ் தோன்றும் முதல் நாவல் 1887-ம் வருஷத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தது. அதன் உரிமை முழுவதற்கும் அவர் பெற்றது 25 பவுனே! 1891-ம் வருஷம் முதல் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையிற் சிறுகதைகள் வெளிவரவே, அவர் புகழ் எங்கும் பரவிற்று.

ஆயினும் அப்புகழே அவருக்குச் சுமையாயிற்று. சரித்திர நாவல்களே தம் பெயரை நிலைநிறுத்துவன என்று அவர் எண்ணினார். ஹோம்ஸோ தம் காலத்தையெல்லாம் விழுங்குவதாகக் கருதினார். எனவே, 1893-ம் வருஷம் டிசம்பர் மாதம் வெளியான கதையில், ஸ்விட்ஜர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் ஹோம்ஸை வீழ்த்திவிட்டார். வாசகர்கள் உற்றார் ஒருவரை இழந்தாற்போலத் துயருற்றனர். பலர் பத்திரிகைச் சந்தாவையே நிறுத்தினர். டாயிலின் மனம் எட்டாண்டு இளகவில்லை. இடையே, 1900-ம் வருஷத்தில், தென்னாப்பிரிக்கப் போரிற் காயமுற்றோர்க்கும் விஷஜுரங் கண்டோர்க்கும் புளோம்பான்டீன் நகரில் வைத்தியம் புரிந்தார். ஸர் பட்டம் 1902-ம் வருஷத்தில் வந்தது.

அவர் மனத்தை இளக்கியது ஒரு நாயின் கதையே. 1901-ம் வருஷம் மார்ச் மாதத்தில், பிளெச்சர் ராபின்ஸன் என்னும் பத்திரிகையாள நண்பர், பேய் நாயைப் பற்றிய பழங்கதையொன்றை அவருக்குக் கூறினார். அவ்வளவில் டாயில், அந்நண்பருடன் டெவன் மாகாணத்து டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்திற்குச் சென்று, பெருஞ் சிறைச்சாலையுள்ள பிரின்ஸ்டவுனில் தங்கி, அங்குள்ள சதுப்புகளையும் கற்குன்றுகளையும் பழங்கால மக்களின் கற்குடில்களையும் கால்நடையாகவே கண்டார். கண்டவை அனைத்தும் கதையுட் புகுந்தன. இத்தகைய மர்மத்தைத் துலக்க வல்ல ஒருவர் வேண்டுமன்றோ? ஹோம்ஸ் அருவியில் வீழ்வதற்கு முன் நிகழ்ந்ததாகக் கதையை அமைத்து, அவரையே அழைத்துக்கொண்டார். 1901-ம் வருஷம் ஆகஸ்டு முதல் 1902-ம் வருஷம் ஏப்ரல் வரை அது ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் வெளிவந்தது.

இந்நாவலில் பருவமே ஒரு பாத்திரமாக நிற்கின்றது. இலையுதிர் காலம், வாடிய இலைகள் வழியெங்கும் உதிர்கின்றன, மாலை விரைந்து இருள்கின்றது, இரவில் எங்கிருந்தோ ஓர் ஊளை கேட்கின்றது. புதைசேறு குதிரைக் குட்டியை உயிரோடு விழுங்குகின்றது. சிறையினின்றும் தப்பிய கொலைஞன் ஒருவன் பாறைகளினிடையே ஒளிந்திருக்கின்றான். இவ்வளவு அச்சத்தினிடையே ஆசிரியர் ஹோம்ஸை நம் கண்ணினின்றும் மறைத்துவிடுகின்றார். டாக்டர் வாட்ஸன் ஒருவரே அப்பழைய மாளிகையில் இருந்து, கடிதங்களாலும் நாட்குறிப்பினாலும் நமக்குச் செய்தி தருகின்றார். அறிவிற் சிறந்த துணைவர் அருகில்லாமையால் நாமும் வாட்ஸனைப் போலவே நடுங்குகின்றோம். இறுதியில் மூடுபனி மெல்ல ஊர்ந்து வந்து பாதையை மூடும் காட்சி, படித்தோர் எவரும் மறவாதது. குற்றவாளி யாரென்று ஈண்டுக் கூறி, படியாதார் இன்பத்தைக் கெடுக்க விரும்பேன். பேயென்று அஞ்சப்பட்டதன் பின்னே மனிதனுடைய பேராசையே நின்றது என்று மட்டும் கூறுவேன்.

நூலிற் காட்டிய நெறியை டாயில் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார். பம்பாயிற் பிறந்த பார்ஸி வகுப்பினர் ஒருவர் கிறிஸ்தவராகி, இங்கிலாந்தில் கிரேட் வயர்லி என்னும் கிராமத்திற் குருவாயிருந்தார். அவர் மைந்தராகிய ஜார்ஜ் எடால்ஜி ஒரு வழக்கறிஞர். 1903-ம் வருஷத்தில் அவ்வூரில் இரவு வேளைகளிற் கால்நடைகள் வெட்டுண்டன. பழி எடால்ஜியின்மேல் விழுந்தது; ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பெற்று, மூன்றாண்டு கழிந்தபின் குற்றம் நீங்காமலே விடுதலையானார். அவரைக் காணச் சென்ற டாயில், அவர் பத்திரிகையை முகத்தோடு ஒட்டிவைத்துப் படிப்பதைத் தொலைவினின்றே கண்டார். இத்துணைப் பார்வைக் குறையுடைய ஒருவர் மழையிருளில் வயல்களையும் ரயில் பாதையையும் கடந்து சென்று விலங்கை வெட்டுவது எங்ஙனம்? பெல்லின் மாணாக்கருக்கு அவ்வொரு நோக்கே போதியதாயிற்று. 1907-ம் வருஷம் ஜனவரியில் பத்திரிகையில் உண்மையை விளக்கி எழுதினார். அவ்வாண்டிலேயே எடால்ஜி மன்னிப்புப் பெற்றார். நஷ்டஈடு மட்டும் கிடைக்கவில்லை. குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று இங்கிலாந்தில் அவ்வாண்டில் ஏற்பட்டதற்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுகோலாகும். பின்னர், கொலைக்குற்றஞ் சுமத்தப்பட்டு 1909-ம் வருஷத்திற் சிறை புகுந்த ஆஸ்கார் ஸ்லேட்டர் என்பானுக்காகவும் பல்லாண்டு வாதாடினார். அவன் 1927-ம் வருஷத்தில் விடுதலை பெற்றான். மறு வருஷம் தீர்ப்பும் நீக்கப்பட்டது.

இனி அவர் வாழ்வின் மறுபக்கம். இறந்தோர் ஆவிகளுடன் பேசலாம் என்னும் கொள்கையில் அவருக்கு இளமை முதலே நாட்டமுண்டு. 1916-ம் வருஷத்தில் அதனை வெளிப்படையாக ஏற்றார். 1918-ம் வருஷத்தில் மூத்த மைந்தர் கிங்ஸ்லியும், மறு வருஷம் தம்பி இன்னஸும் இறந்தனர். அதன்பின் அவர் தம் பொருளையும் காலத்தையும் அக்கொள்கையைப் பரப்புவதிலேயே செலவிட்டார். காட்டிங்லி என்னும் ஊரில் சிறுமியர் இருவர் வன தேவதைகளோடு எடுத்துக்கொண்டதாகக் காட்டிய புகைப்படங்களை மெய்யென நம்பி, 1922-ம் வருஷத்தில் ஒரு நூலும் எழுதினார். அவை காகிதத்தில் வரைந்து கத்தரித்த உருவங்களே என்று அவ்விருவரும் முதுமையில், 1983-ம் வருஷத்தில், ஒப்புக்கொண்டனர். டாயிலோ 1930-ம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதியன்றே குரோபரோ என்னும் ஊரில் தம் 71-ம் வயதில் உயிர்நீத்திருந்தார்.

பேய் நாயின் மாயையைக் கலைத்தவர் காகித தேவதைக்கு ஏமாந்தது எங்ஙனம்? பிறர் வழக்கை ஆராய்ந்தபோது அவர் கண்கள் தெளிவாயிருந்தன. தம் நெஞ்சம் ஒன்றை விரும்பியபோது அவை மங்கின. இதுகண்டு அவரை எள்ளுதல் தகாது. அன்புடையாரை இழந்தார் எவர்க்கும் வரக்கூடிய மயக்கமே அது. நாம் விரும்பும் முடிவையே மிகுதியாக ஐயுறுதல் வேண்டும் என்பது அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் கடினமான பாடம். மாணவ நண்பர்காள்! அடுத்த விடுமுறையில், மழை பெய்யும் ஓரிரவில் அந்நாவலைக் கையிலெடுங்கள். நடுங்குவதற்குரிய இடங்களில் மனமார நடுங்குங்கள். படித்து முடித்தபின், மூடுபனியில் நின்றும் பிறர்க்காக உண்மை தேடிய அப்பெரியாரைச் சிறிது நினைவுகூருங்கள்.