ரைபைசன் கண்ட நாணயச் சங்கம்

ஜெர்மனி தேசத்தில் சீக் நதிக்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரில் 1818-ஆம் ஆண்டு பிறந்தவர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன். இளமையிலேயே தந்தையை இழந்தார். இராணுவத்திற் சேர்ந்து, கண்ணோயினால் அதனை விடுத்து, 1845-இல் வையர்புஷ் வட்டாரத்தின் தலைவரானார்.

1846-47 குளிர்காலத்தில் கொடும் பஞ்சம் வந்தது. செல்வரிடம் பணம் திரட்டித் தானியம் வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகட்குக் கடனாக வழங்கினார். பசி தணிந்தது, வட்டிக்காரர் பிடி தளரவில்லை. 1854-இல் ஹெடஸ்டார்பில் தனவந்தர் துணையுடன் தரும சங்கம் கண்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்தம் ஊக்கம் குன்றியது. கொடுப்பவர் கை சலிக்குமன்றோ!

தருமத்தில் ஆழ்ந்த நம்பிக்கையுடைய அவர், மனமின்றியே வேறு வழிக்கு இசைந்தார். 1864-இல் கடன் பெறுவோரே அங்கத்தினராயினர். ஒருவர் தவறினால் அனைவரும் தம் சொத்து முழுவதற்கும் பொறுப்பாளிகள். ஆதலின் ஒருவரையொருவர் அறிந்த ஊரெல்லைக்குள்ளேயே சங்கம் இயங்கியது. கடன் எதற்கென்று வினவியே கொடுத்தனர். நிர்வாகிகள் ஊதியமின்றி உழைத்தனர்; இலாபம் பொது நிதியிற் சேர்ந்தது. அடுத்த வீட்டார் பெயரும் அறியாது காலனியில் வாழும் நமக்கு இது வியப்பாகவே தோன்றும்.

பார்வை மங்கிய நிலையில், மகள் அமாலி எழுத உதவ, 1866-இல் தம் அனுபவத்தை நூலாக்கினார். 1888-இல் மறைந்தார். சென்னை அரசாங்கத்திற்காக ஐரோப்பியக் கடன் முறைகளை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், இம்முறையையே நம் கிராமங்கட்குப் பரிந்துரைத்தார். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திலும், கிராமச் சங்கங்கட்கு அந்த வரையறையற்ற பொறுப்பு இடம்பெற்றது.