தான் காணாத வெளிச்சம்

ஒகேனக்கல்லில் பாயும் காவிரியை இண்டூர்க்காரர்களாகிய எங்களுக்கு எவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால், அந்த ஆறு எங்கள் மாவட்டத்தை எட்டுவதற்கு முன்பே, சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் தரக் காரணமாக இருந்தவரை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அவர், மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த பாலக்காட்டுத் தமிழர் சர் கே. சேஷாத்ரி ஐயர்.

1845-இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1868-இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். 1883-இல் ரங்காசார்லுவுக்குப் பின் திவானாகி, 18 ஆண்டுகள் அப்பதவியில் நீடித்தார். அவர் பொறியாளர் அல்லர், சட்டம் பயின்றவர். எனினும், தென்னிந்திய மின்துறையின் வரலாற்றை அவரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அன்று நீர்மின்சாரம் உலகுக்கே புதிது. நயாகரா மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது 1896-இல்தான். மறு ஆண்டு டார்ஜிலிங்கில் சிறியதொரு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அத்தகைய காலத்தில், சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டு செல்லும் திட்டத்தைத் துணைத் தலைமைப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் முன்வைத்தார்.

தோற்றால் கஜானாவுக்குப் பேரிழப்பு, பழியோ திவானுக்கு. ஆயினும் சேஷாத்ரி ஐயர் பின்வாங்கவில்லை. தமக்குத் தெரியாத நுட்பத்தைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தார். லோட்பினியர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று வல்லுநர்களைக் கலந்தார். நீராவி இயந்திரங்களை நம்பியிருந்த சுரங்க நிறுவனங்கள், மின்சாரத்தை விலைக்கு வாங்க இசைந்தன. உற்பத்திக்கு முன்பே வாங்குவோரை உறுதிசெய்துகொண்டதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

1901 செப்டம்பரில் சேஷாத்ரி ஐயர் காலமானார். 1902 ஜூன் மாதம் சிவசமுத்திர மின்சாரம் கோலாரை அடைந்தது. 1905-இல் பெங்களூரு வீதிகளில் மின்விளக்குகள் எரிந்தன. தாம் தொடங்கிய பணியின் பயனை அவர் கண்ணால் காணவில்லை.

இக்கதையில் ஒரு குறையும் உண்டு. முதல் மின்சாரம் தங்கம் தோண்டும் நிறுவனங்களுக்கே சென்றது. சிற்றூர்களும் அவற்றின் பாசனக் கிணறுகளும் இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. வானம் பார்த்த பூமியில் வாழும் எங்களால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், வாங்குவோர் இல்லையெனில் அந்த நிலையமே எழுந்திருக்காது என்பதும் உண்மை.

கோலார் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதற்காகக் கட்டப்பட்ட மின் நிலையமோ, சேஷாத்ரி ஐயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பதவிக்காலத்துக்குள் திறப்பு விழா நடத்த முடியாத திட்டம் எதையும் தொடங்கத் தயங்குவது இன்றைய ஆட்சியாளர்களின் வழக்கமாகிவிட்டது. நீர், மின்சாரம் போன்ற தலைமுறைப் பணிகளுக்கு அந்தக் கணக்கு உதவாது. திறப்பு விழாவில் தாம் இருப்போமா என்று பாராமல் கையொப்பமிடும் துணிவே அவற்றுக்குத் தேவை.