செவி மங்கியவர் சீராக்கிய குரல்

வெளிநாட்டிலுள்ள மகளுடன் இணையவழித் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் சொற்கள் பாதியில் அறுந்துபோயின. முறையிட்டபோது, நொடிக்கு 100 மெகாபிட் திட்டத்துக்கு மாறுமாறு சேவை நிறுவனம் சொன்னது. மாறினேன். கட்டணம் உயர்ந்தது, குரல் தெளியவில்லை. அப்போது எனக்கு ஆலிவர் ஹெவிசைடின் நினைவு வந்தது.

லண்டனில் 1850-இல், மரச்செதுக்கு ஓவியர் ஒருவரின் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையில் கண்ட ஸ்கார்லெட் காய்ச்சல் அவரது செவித்திறனைக் குறைத்தது. பதினாறு வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. தந்தித் துறையில் பணியாற்றி, 1874-இல் அதையும் துறந்தார். அப்போது வயது 24. அதன்பின் அவர் எங்கும் வேலைக்குச் செல்லவில்லை. பெற்றோரின் வீட்டில் ஓர் அறையில் அமர்ந்து மேக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டைக் கற்றார். இன்று கல்லூரிகளில் பயிலும் நான்கு சமன்பாடுகளாக அது சுருங்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

தொலைபேசிக் கம்பி நீள நீளக் குரல் ஏன் மங்கிக் குழம்புகிறது என்பது அக்காலத்தின் பெருஞ்சிக்கல். கம்பியின் மின்தூண்டலே பகை என்றார் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியாளர் வில்லியம் பிரீஸ். ஹெவிசைடின் கணக்கு அதற்கு நேர்மாறாக இருந்தது. உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் வெவ்வேறு வேகத்தில் சென்று, வெவ்வேறு அளவில் தேய்வதால்தான் குரல் சிதைகிறது. தூண்டலைத் தக்க அளவில் கூட்டினால் வடிவம் குலையாமல் சேரும் என 1887-இல் நிறுவினார். தம் அண்ணன் ஆர்தருடன் எழுதிய கட்டுரையைப் பிரீஸ் வெளிவரவிடாமல் தடுத்தார். பதவி கணிதத்தை வென்ற தருணம் அது. ஹெவிசைடு காப்புரிமையும் பெறவில்லை. 1900-இல் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் பியூபின் அதைப் பெற்றுச் செல்வரானார். அந்தச் சுருள்கள் பொருத்தப்பட்ட கம்பிகளில் நெடுந்தொலைவுப் பேச்சு தெளிந்தது.

என் வீட்டுச் சிக்கலின் இயற்பியல் வேறு. ஆயினும் தவறான இடத்தில் மருந்திடும் பழக்கம் அதேதான். வழக்கமான இலக்கமுறைக் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். பொதிகளின் முகவரித் தகவலையும் சேர்த்தால்கூட 100 கிலோபிட்டைத் தாண்டாது. பொதுவாக 20 மில்லி நொடிக்கு ஒன்றாகப் புறப்படும் பொதிகள் அதே சீரில் வந்து சேரவேண்டும். முன்பின்னாக வந்தாலோ, வழியில் தொலைந்தாலோ, எத்தனை மெகாபிட் இருந்தும் பயனில்லை. எங்கள் கைப்பேசிகள் காணொளிகளை ஓயாமல் மேலேற்றிக்கொண்டிருந்தன. குரல் அவற்றின் பின்னே வரிசையில் நின்றது. ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை அளித்ததும் பேச்சு சீரானது. விளம்பரங்கள் வேகத்தை மட்டும் பறைசாற்றுகின்றன. தாமதத்தின் ஏற்ற இறக்கத்தையும் பொதி இழப்பையும் யாரும் நமக்குச் சொல்வதில்லை. கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ராயல் சொசைட்டி 1891-இல் ஹெவிசைடை உறுப்பினராக ஏற்றது. முதல் ஃபாரடே பதக்கம் 1922-இல் அவருக்குக் கிடைத்தது. அதற்குள் அவர் டார்க்கீ நகரில் வறுமையோடு தனித்து வாழும் முதியவராகிவிட்டார். 1925 பிப்ரவரியில் அங்கேயே மறைந்தார்.

பழைய திட்டத்துக்கே திரும்பிவிட்டேன். மகளின் குரல் இப்போதும் தெளிவாகவே கேட்கிறது.